ராகு காலத்தில் ஒரு விசாரணை

அன்று காலையிலேயே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயம் என்று சொல்ல முடியாது. சந்தோஷம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். எங்கள் வீட்டுத் தரகர் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து ஓர் உறுப்பினரை முன்னால் இருத்தி விசாரித்ததே கிடையாது. அந்த முதல் விசாரணைக்கான மூன்று பேர் குழுவில் நானும் ஒருத்தி. அலுமாரியில் கிடந்த சேலைகளில் கொஞ்சம் கண்டிப்பான நிறத்தில் ஒன்றைத் தேடிக் கட்டினேன். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னைக் கண்டால் எழும்பி நிற்க வேண்டும் போல் இருந்தது.

கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை வைத்தோம். செவ்வாய் எங்கள் தொழிலுக்கு ஓய்வு நாள். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. வெள்ளவத்தையில் செவ்வாயன்று எந்தத் தமிழ்ப் பார்ட்டியும் வீடு பார்க்க வெளிக்கிடாது. தப்பித் தவறி வந்தாலும் அட்வான்ஸ் தராது. ஆகவே அன்றைக்குத் தரகர்மார் உடுப்புத் தோய்ப்போம், தலைக்கு முழுகுவோம், சங்கக் கூட்டத்துக்குப் போய்ச் சண்டை பிடிப்போம்.

சங்கம் என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. காலி வீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேலே ரியூசன் வகுப்பு நடக்கும் மண்டபம் இருக்கிறது. பிள்ளைகள் வருமுன் அதை எங்களுக்குத் தருவார்கள். கரும்பலகையில் பாதி அழித்த இரசாயனச் சமன்பாடுகளுக்குக் கீழே இருந்துதான் நாங்கள் வாடகை வீடுகளின் நீதி நியாயம் பேசுவோம். ஆனால் அந்தச் சங்கம் தருகிற அட்டை பெரிய விஷயம். படம் ஒட்டி, முத்திரை குத்தி, பிளாஸ்டிக் உறை போட்ட சின்ன அட்டை. எங்களுக்கு லைசென்ஸ் என்று இருப்பது அதுதான். தொடர்மாடி வாசலில் செக்கியூரிட்டிக்காரர் "கார்ட் எக பென்னன்ன" என்று சிங்களத்தில் கேட்டால் அதைக் காட்டினால்தான் லிஃப்டில் ஏறலாம். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற வீட்டுக்காரர்கள் முதலில் அதன் படத்தைத்தான் வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். அட்டை இல்லாதவன் தெருவில் நின்று கையைக் காட்டலாம், வீட்டுக்குள் போக முடியாது.

விசாரிக்கப்பட இருந்தவரிடமும் அந்த அட்டை இருந்தது. எங்களில் மூத்த தரகர்களில் ஒருவர். எல்லோருக்கும் அவர் அண்ணை. வெள்ளைச் சேட்டு, நெற்றியில் சந்தனம், குரலில் ஒரு பணிவு. வெளிநாட்டில் இருந்த ஒருவரின் தொடர்மாடி வீட்டை, அந்த வீட்டுக்காரருக்கே தெரியாமல், ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு வாடகைக்குத் தருவதாகச் சொல்லி அட்வான்ஸ் வாங்கிவிட்டார். பொலிஸ் பிடித்தது. நீதவான் நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார். ஒத்திவைத்த சிறைத் தண்டனை, அபராதம், வாங்கியதைத் தவணை முறையில் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளை. வழக்கு முடிந்துவிட்டது. அட்டை மட்டும் இன்னும் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. மோசடிக்காகத் தண்டனை பெற்ற உறுப்பினர் அட்டையை வைத்திருக்கலாமா என்பதைக் குழு விசாரித்து முடிவு செய்யும் என்று எங்கள் சங்க யாப்பில் ஒரு விதி சொல்கிறது. இதுவரை அந்த வரியை யாரும் வாசித்தது கூட இல்லை.

எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சக் கோபம் இல்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பொம்பிளை வீடு காட்டித் திரிகிறதா என்று பலர் பகிடி பண்ணியபோது, ஹெவ்லொக் டவுனில் ஒரு வீட்டை எனக்காக விட்டுத் தந்து தரகுப் பணத்தில் பாதியையும் தந்தவர் இந்த அண்ணைதான். யாரோ ஒரு கள்ளன் செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். இந்த மனுசன் செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. நல்லவர் என்று நாலு பேரிடம் நான் சொல்லித் திரிந்த ஆள்.

மாடிப்படியில் பாதி ஏறியபோது ஒரு பெண் என்னை வழிமறித்தார். முறைப்பாடு செய்தவர் அவர்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். கொட்டாஞ்சேனையில் புருசனும் அவருமாகத் தையல் கடை வைத்திருக்கிறார்கள். மகளுக்கு வெள்ளவத்தைப் பக்கம் பள்ளிக்கூடம் கிடைத்ததால் இங்கே வீடு தேடி, அண்ணையிடம் போய் விழுந்தவர்கள். புருசன் கீழே மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். அவர் வருமுன் சொல்லி முடிக்க வேண்டும் என்ற அவசரம் அந்தப் பெண்ணின் முகத்தில் தெரிந்தது.

"அக்கா, நீங்கள்தானே விசாரிக்கிறது?"

"ஓம், நானும் ஒராள். சொல்லுங்கோ."

"காசு தவணையில வருதோ வரேல்லையோ, அதை விடுங்கோ. நீங்கள் அவரைச் சும்மா எச்சரிச்சு விட்டியள் எண்டால் என்ர வீட்டில நான் இருக்கேலாது. காசைக் குடுத்தது நான். இவர் அண்டைக்கு யாழ்ப்பாணத்தில ஒரு செத்த வீட்டுக்குப் போட்டார். தான் நிண்டிருந்தால் வீட்டு உறுதிப் பத்திரத்தைக் காட்டு எண்டு கேட்டிருப்பாராம். அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமியும் எங்களோடதான். வாற போற எல்லாரிட்டையும் சொல்லுறா, இவள் படிச்சும் மூளையில்லாதவள் எண்டு. தரகர்மாரே அவரை விட்டிட்டினம் எண்டால், பிழை என்னிலதான் எண்டு முடிவாப் போகும் அக்கா."

"விசாரிச்சுத்தான் சொல்லுவம்," என்றேன். குழுவில் இருக்கிறவள் ஒரு பக்கம் சாயக் கூடாது என்று பெரிய மனுசத்தனம் காட்டினேன். நான் ஓர் அட்டையைப் பற்றி விசாரிக்கப் போவதாக நினைத்து ஏறினேன். அந்தப் படியில் நின்றபோதுதான், மேலே நாங்கள் சொல்லப் போகும் ஒரு வார்த்தையில் ஒரு பெண்ணின் குடித்தனம் தொங்குகிறது என்று விளங்கியது.

மண்டபம் நிறைந்திருந்தது. வீடு தேடும் பார்ட்டிகளுக்கு வராத கூட்டம் இதற்கு வந்திருந்தது. கிருலப்பனை, கொலன்னாவைப் பக்கத்துத் தரகர்மார்கூட வந்து பிள்ளைகள் இருந்து படிக்கிற சின்ன வாங்குகளில் முழங்காலை இடித்துக்கொண்டு இருந்தார்கள். முன்மேசையில் நாங்கள் மூவர். நடுவில் தலைவர், எல்லோரும் ஹாஜியார் என்று கூப்பிடுகிற பெரியவர், வெள்ளவத்தையில் பரம்பரையாகக் காணி, வீடு பார்க்கிறவர். இடது பக்கம் கொட்டாஞ்சேனைத் தரகர் ஒருவர், பஞ்சாங்கம் கேட்காமல் தும்மக்கூட மாட்டார். வலது பக்கம் நான். எங்களுக்கு எதிரே தனிக் கதிரையில் அண்ணை.

ஹாஜியார் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொன்னார். "நாங்க கோர்ட் இல்ல. தண்டனை குடுக்க வரல்ல. இவரு அட்டைய வச்சிக்கொள்ளலாமா இல்லையா, அவ்வளவுதான் பார்க்கிறோம்."

முதலில் அந்தப் பெண் பேசினார். எழும்பி நின்று, தடுமாறாமல் சொன்னார். அன்று வெள்ளிக்கிழமை. காலையில் அண்ணை வீட்டைக் காட்டக் கூட்டிப்போனாராம். அறை அறையாக, அலுமாரி அலுமாரியாக, பல்கனியில் நின்று கடலைக் கூடக் காட்டினாராம். பிறகு கீழே தேத்தண்ணிக் கடையில் இருத்தித் தன்னுடைய கோயில் தொண்டு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் சொல்லியிருக்கிறார். இவர் உறுதியின் கொப்பியைக் கேட்ட நேரம் பார்த்து, அண்ணை கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டியிருக்கிறார்.

"பத்தரைக்கு ராகு தொடங்குது தங்கச்சி எண்டார். பின்னேரம் வேற பார்ட்டி வருதாம். ராகுக்கு முன்னம் காசை வைச்சிட்டால் வீடு எங்கட, மிச்சத்தை ஆறுதலாக் கதைக்கலாம் எண்டார். நான் சீட்டுக் காசைக் கைப்பையில கொண்டுதான் போனனான். குடுத்திட்டன்."

பின்வரிசை வாங்கில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அது இரக்கமா பரிகாசமா என்று தெரியவில்லை. அவருடைய புருசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நல்ல நேரம் என்பது எங்கள் தொழிலில் கள்ளத்தனம் இல்லை. என் கைப்பையிலும் கலண்டர்த் தாள் எப்போதும் இருக்கும். எத்தனையோ வீடுகளை என் வாய் முடிக்கவில்லை, கலண்டர்தான் முடித்துத் தந்தது. மனம் ஊசலாடிக்கொண்டு நிற்கிற பார்ட்டி, இன்னும் கொஞ்ச நேரத்தில் ராகு என்றதும் சட்டென்று முடிவெடுக்கும். அது எங்கள் ஆட்களின் இயல்பு. அண்ணை செய்தது என்ன என்றால், கேள்வி வருகிற நேரத்தையும் ராகு வருகிற நேரத்தையும் ஒன்றாகக் கொண்டு வந்து முட்ட வைத்தார். ஆனால் அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் இது எனக்கு இவ்வளவு வடிவாக விளங்கவில்லை. பாவம், அவசரப்பட்டுவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

பிறகு அண்ணை எழும்பினார். அந்த மனுசன் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். சங்கத்துக்கு முதல் ரசீதுப் புத்தகம் அடித்துத் தந்த கதை, கலவர காலத்தில் வந்த குடும்பங்களுக்குத் தரகு வாங்காமல் வீடு எடுத்துக் கொடுத்த கதை, என்னுடைய ஹெவ்லொக் டவுன் வீட்டுக் கதை, எல்லாம் வந்தது. என்னைப் பார்த்துச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. கோபத்தோடு வந்தவள் நான். அரை மணித்தியாலத்தில் அதில் பாதியை உருக்கிவிட்டார்.

"என்ர பிழையை நான் கோர்ட்டிலயே ஒத்துக்கொண்டிட்டன். அவையள் தண்டிச்சுப்போட்டினம். ஒரு பிழைக்கு எத்தினை தரம் அடிப்பியள்? எனக்கும் பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு."

சபை இளகிவிட்டது. எனக்குப் பக்கத்தில் கொட்டாஞ்சேனைத் தரகர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்க வேண்டும் என்று நினைத்து வந்த கேள்விகள் எல்லாம் தொண்டைக்குள் இருந்தன. வாயைத் திறக்கப் போன நேரத்தில் அண்ணை சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஹாஜியார், மூண்டு மணிக்கு ராகு. என்னால இவ்வளவு பேரும் காத்துக்கொண்டு இருக்கக் கூடாது. எச்சரிக்கை ஒண்டைத் தந்து ராகுக்கு முன்னம் முடிச்சு விடுங்கோ. மிச்சத்தை ஆறுதலாக் கதைக்கலாம்."

மண்டபமே மணிக்கூட்டைப் பார்த்தது. ஹாஜியாருக்கு ராகுவும் ஒன்றுதான் கேதுவும் ஒன்றுதான். ஆனாலும் மற்றவர்களின் வழக்கத்துக்கு மரியாதை கொடுக்கிற மனுசன். "உங்கட ஆக்களுக்கு நேரம் பெரிசுதானே. எனக்குப் பிரச்சினை இல்ல. அப்ப முடிச்சிடுவமா?" என்று எங்கள் இருவரையும் பார்த்தார். கொட்டாஞ்சேனைத் தரகர் அதற்குள் பேனை மூடியைக் கழற்றிவிட்டார். என் கையும் பேனைக்காகக் கைப்பைக்குள் போயிருந்தது. அதை நான் பிறகுதான் கவனித்தேன்.

அப்போது வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தப் பெண்ணின் புருசன்.

"ஓம் ஐயா, மூண்டுக்கு முன்னம் முடிச்சால் நல்லது. ராகுக்குள்ள இழுக்க வேண்டாம்."

அந்தப் பெண் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. தெருவில் எதிர்பாராமல் தெரிந்த ஆளைக் கண்டது போலப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இப்பிடித்தான். அண்டைக்கும் இப்பிடித்தான் நடந்தது."

அவ்வளவுதான் சொன்னார். பின்னால் ஒருவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். இருபது வருடமாக வீடு முடித்துக் கொடுக்கிற தரகர்கள் ஒரு மண்டபம் நிறைய இருக்கிறோம். அந்தப் பெண்ணுக்குத் தேத்தண்ணிக் கடையில் வைத்துச் செய்ததை, அவர் சொல்லி வாய் மூடுமுன், அதே மனுசன் அதே வார்த்தைகளால் எங்கள் எல்லோருக்கும் செய்துகொண்டிருந்தார். நாங்களும் பேனையை எடுத்துக்கொண்டு நின்றோம்.

நான் எழும்பிவிட்டேன். குழுவில் இருக்கிறவர்கள் எழும்பிப் பேசக் கூடாது என்பதெல்லாம் மறந்து போயிற்று.

"ஹாஜியார், ராகு வரட்டும். வந்து இருந்து தேத்தண்ணியும் குடிக்கட்டும். நாங்கள் ஆறுதலா விசாரிப்பம். ஆறுதலாக் கதைக்கிறது பிறகு இல்லை, இப்ப."

கொட்டாஞ்சேனைத் தரகருக்கு முகம் வாடிவிட்டது. "ராகுக்குள்ள எடுக்கிற முடிவு விளங்காது தங்கச்சி."

"விளங்காமல் போறது ஆருக்கு? அவருக்குத்தானே. எங்களுக்கு என்ன?"

சபை சிரித்தது. ஹாஜியாரும் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். மணிக்கூடு மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். முள் தாண்டியது. கூரை இடிந்து விழவில்லை. கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று வழமை போலக் கத்திக்கொண்டு போனது.

அந்த ஒரு முள் நகர்ந்ததில் அண்ணையின் முகம் மாறியதை நான் கண்டேன். அவருடைய பேச்செல்லாம் மூன்று மணிவரைக்கும்தான் தைத்திருந்தது. அதற்கு அப்பால் துணி இல்லை. எனக்கு அப்போது உள்ளுக்குள் பொங்கிய உற்சாகத்தை எப்படிச் சொல்வது. தொண்டையில் இருந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

"அண்ணை, உறுதியின்ர கொப்பி கேட்ட ஆக்களுக்கு என்ன காட்டினனீங்கள்?"

"ஒண்டும் காட்டேல்லை."

"வீட்டுக்காரர் உங்களுக்கு எப்ப கதவுத் திறப்பைத் தந்தவர்?"

"அது முந்தின வாடகைக்காரர் விட்டிட்டுப் போன திறப்பு."

"சரி. கோர்ட்டில குற்றத்தை ஒத்துக்கொண்ட பிறகு, இந்த அட்டையைக் காட்டி எங்கயாவது வீட்டுக்குள்ள போனனீங்களோ?"

அண்ணை மறுபடியும் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் காத்திருந்தேன். இப்போது எங்களிடம் நேரம் நிறைய இருந்தது. கிருலப்பனைப் பக்கத்தில் இருந்து வந்த ஒருவர் வாங்கில் நெளிந்தார். போன கிழமை தன்னுடைய பார்ட்டி ஒன்றை அண்ணை ஒரு தொடர்மாடிக்குக் கூட்டிப்போனதாகச் சொன்னார். செக்கியூரிட்டி அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் மேலே விட்டதாம். அண்ணை அதை மறுக்கவில்லை.

"சீவிக்க வேணும்தானே தங்கச்சி," என்றார். அந்தக் குரலில் சந்தனமும் பணிவும் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. எனக்கு அந்த நிமிடம் அவர் மேல் உண்மையான இரக்கம் வந்தது. ஆனால் அதற்காக அட்டையை அவரிடம் விட முடியாது என்பதும் அதே நிமிடத்தில் நிச்சயமாயிற்று.

"அண்ணை, நீங்கள் எனக்குச் செய்த உதவியை நான் சாகும்வரை மறக்க மாட்டன். உங்கட வீட்டில அடுப்பு எரியாட்டி எனக்குச் சொல்லுங்கோ, நான் வருவன். ஆனால் இந்த அட்டையை நம்பித்தான் ஆக்கள் கதவைத் திறக்கினம். அது உங்களிட்ட இருக்கக் கூடாது."

ஹாஜியார் கொட்டாஞ்சேனைத் தரகரைப் பார்த்தார். அவர் சம்மதம் என்றார். கையெழுத்தை மட்டும் நாலரைக்குப் பிறகு வைப்பதாகச் சொன்னார். அதற்கு நாங்கள் தடை சொல்லவில்லை. ஹாஜியார் கையை நீட்டினார். அண்ணை சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, பிளாஸ்டிக் உறையைச் சேட்டில் ஒரு தரம் துடைத்துவிட்டு, மேசையில் வைத்தார். யாரும் கைதட்டவில்லை. அவர் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டு முடியும்வரை எல்லோரும் வாங்குகளிலேயே இருந்தோம்.

ஹாஜியார் முடிவை எழுதும்போது அந்தப் பெண்ணைப் பார்த்து ஒன்றைச் சொன்னார். "மகள், நாங்க இவ்வளவு பேரும் பழகின தரகர்மார். எங்களையே பேனை எடுக்க வச்சிட்டாரு. உங்களில பிழை காண எங்கள்ல ஒருத்தருக்கும் வாய் இல்ல. இதையும் சேர்த்துத்தான் எழுதுறேன்." அந்தப் பெண் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கைப்பைக்குள் இருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து முழுவதையும் குடித்தார்.

நான் கீழே இறங்கியபோது புருசனும் பெண்ணும் புடவைக் கடை வாசலில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். எனக்குக் கால் இன்னும் தரையில் படவில்லை. யாரையாவது பிடித்து வைத்து எல்லாவற்றையும் முதலில் இருந்து சொல்ல வேண்டும் போல் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் புருசனின் போன் அடித்தது. கொட்டாஞ்சேனையில் இருந்து அவருடைய தாய், என்ன முடிவு என்று கேட்கிறார்.

"அட்டையைப் பறிச்சிட்டினம் அம்மா," என்றார். மறுபக்கம் ஏதோ நீளமாகச் சொல்வது கேட்டது. அவர் பெண்சாதியைப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டைச் சீட்டில் வைத்துவிட்டு, "இல்லை அம்மா. இவளில ஒரு பிழையும் இல்லை. நான் நிண்டிருந்தாலும் குடுத்திருப்பன்," என்றார்.

காலி வீதி பஸ் சத்தத்தில் தாய்க்கு அது கேட்கவில்லை. அவர் அதை இரண்டாம் தரமும், கடை வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்க, உரத்துச் சொல்ல வேண்டி வந்தது.